ஒரு சுவரும் மூன்று துண்டுகளும்

ரெவிட் மென்பொருளில் ஒரு சுவரை வரைய இரண்டு கிளிக் போதும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. 24 மீட்டர் நீளமோ 100 மீட்டர் நீளமோ, சுவர் உடனே வந்து நின்றுவிடும். அதே சுவரைத் தரையில் நிறுத்த எத்தனை நாள் ஆகும் என்பதைத் திரை சொல்வதில்லை. கட்டிடக்கலை படிக்கும் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே கடைசி வருடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அப்படி வந்த ஒரு மாணவனைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அவனுடைய அப்பா மேஸ்திரி. சின்னச் சின்ன வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கட்டுபவர். அந்த வருடம் தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம் உள்ள ஒரு கட்டிடம் அவருக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க மண்ணைத் தாங்கி நிற்கும் காங்கிரீட் சுவர்: 24 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், கால் மீட்டர் கனம். மகன் அதைத் தன் ப்ராஜெக்டுக்காக ரெவிட்டில் வரைந்து, சுழற்றிச் சுழற்றிக் காட்டினான். சுவருக்கு 18 கன மீட்டர் காங்கிரீட் என்று ஷெட்யூலும் போட்டுக் காட்டினான்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "நல்லா இருக்கு தம்பி. இதை எத்தனை தடவையா போடப் போற?"

"தடவையா? சுவர் ஒண்ணுதானேப்பா?"

"சுவர் ஒண்ணுதான். நம்மகிட்ட சென்ட்ரிங் ஷீட்டு எட்டு மீட்டருக்குத்தானே இருக்கு?"

படிப்பில் எங்கும் வராத கேள்வி அது! 24 மீட்டருக்கும் ஷீட்டு வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. எனவே 8 மீட்டர் போட்டு, பிரித்து, அடுத்த 8 மீட்டருக்கு நகர்த்த வேண்டும். ஐ.எஸ். 456:2000 விதிநூலின்படி சுவரின் பக்கப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம். ஆனால் கம்பி கட்ட, ஷீட்டு நிறுத்த, தூக்குக்குண்டு பார்க்க எல்லாம் நாள் வேண்டும். வரைபடத்தில் ஒன்றாக இருக்கும் சுவர் வேலையிடத்தில் மூன்று சுவர்.

சுவரைத் துண்டு போடுவது புது விஷயமல்ல. அமெரிக்காவின் ஹூவர் அணையை 1933 முதல் 1935 வரை காங்கிரீட் போட்டபோது, அதை ஒரே கட்டியாகப் போடவில்லை. சிமென்ட் இறுகும்போது சூடு கிளம்பும். ஒரே கட்டியாகப் போட்டிருந்தால் அது ஆற 125 வருடங்கள் ஆகியிருக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டார்கள். அதனால் அணையைத் தனித்தனித் தூண்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் 5 அடி உயரம் போட்டு, உள்ளே குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். அங்கே காரணம் சூடு. இங்கே காரணம் எட்டு மீட்டர் ஷீட்டு. இரண்டிலும் எங்கே வெட்டுவது என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

மகன் அன்றிரவே உட்கார்ந்தான். ரெவிட்டில் ஸ்ப்ளிட் எலிமென்ட் என்ற கருவி உண்டு. கீபோர்டில் எஸ், எல் என்று தட்டினால் கத்தி மாதிரி வரும். சுவரின் மேல் இரண்டு இடத்தில் கிளிக் செய்தான். சுவர் மூன்றாகிவிட்டது. துண்டுக்கு 6 கன மீட்டர். அப்பா கூப்பிடும் ரெடிமிக்ஸ் வண்டியிலும் சரியாக 6 கன மீட்டர்தான் வரும். ஒரு துண்டுக்கு ஒரு வண்டி! இருவருக்கும் சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்துக் கட்டிட உரிமையாளர் வந்தார். தெருவில் ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துகொண்டே வருகிறது, தரைத்தளத்தை 60 சென்டிமீட்டர் தூக்க வேண்டும் என்றார். சுவரின் உயரம் 3.6 மீட்டர் ஆனது. மகன் சுவர்களைத் தேர்ந்தெடுத்து உயரத்தை மாற்றினான். ஆனால் மூன்றாவது சுவர் தேர்வில் விழவில்லை. பிளானில் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். அவன் பார்த்தது பிளானை மட்டும். ப்ரின்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டான்.

அப்பாவுக்கு ரெவிட் தெரியாது. ஆனால் எண்களைப் படிக்கத் தெரியும். மாலையில் மகன் வந்ததும் தாளை நீட்டினார்.

"ரெண்டு துண்டுக்கு 7.2 போட்டிருக்க. இதுக்கு மட்டும் ஏன் 6?"

அவனிடம் பதில் இல்லை. அந்தத் தாளை நம்பி மூன்றாவது துண்டுக்கு ஒரே வண்டி சொல்லியிருந்தால் 1.2 கன மீட்டர் குறைந்திருக்கும். சுவர் பாதியில் நிற்கும். இன்னொரு வண்டி வருவதற்குள் கீழே போட்டது இறுகியிருக்கும். மேலே புதிதாக ஊற்றுவது அதோடு ஒட்டாது. அந்தக் கோடு வழியாக மண்ணில் உள்ள தண்ணீர் உள்ளே வரும்.

அன்றைக்கு அப்பா ஒரு பழைய கதை சொன்னார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் இதே போல் கலவை பாதியில் நின்றது. மறுநாள் மீதியைப் போட்டார். அந்தத் தொட்டி கசிந்தது. ஒவ்வொரு வருடமும் காசு வாங்காமல் போய்ப் பூசிக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் ஒரு நாளும் திட்டவில்லையாம். "திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

மகன் அதற்குப் பிறகுதான் பார்ட்ஸ் பக்கம் போனான். ரெவிட் முதன்முதலில் வெளிவந்தது 2000இல். 2002இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. பார்ட்ஸ் வசதி 2012 பதிப்பில் சேர்ந்தது. வடிவமைப்பவர் ஒரு பொருளாகப் பார்ப்பதைக் கட்டுபவர் பல பொருளாகப் பார்க்கிறார் என்பதை ஒப்புக்கொண்டு செய்த வசதி என்று அதைச் சொல்லலாம்.

மூன்று சுவர்களையும் அழித்துவிட்டு, மறுபடி 24 மீட்டருக்கு ஒரே சுவர் வரைந்தான். இந்தத் தடவை அதன் உச்சியை வெறும் எண்ணாகக் கொடுக்காமல் தரைத்தள லெவலோடு கட்டினான். பிறகு கிரியேட் பார்ட்ஸ். சுவரில் எத்தனை அடுக்கு உண்டோ அத்தனை பார்ட். காங்கிரீட் தனி, நீர்த்தடுப்புப் படலம் தனி, உள்பூச்சு தனி. இதில் காங்கிரீட்டை மட்டும் தேர்ந்தெடுத்து டிவைட் பார்ட்ஸ் கொடுத்து, 8 மீட்டரிலும் 16 மீட்டரிலும் உள்ள கிரிட் கோடுகளைக் காட்டினான். காங்கிரீட் மூன்றானது. படலமும் பூச்சும் முழுசாகவே இருந்தன. அதுதான் சரி. காங்கிரீட்டின் மூட்டை மூடிக்கொண்டு படலம் தொடர்ச்சியாக ஓடினால்தானே தண்ணீர் நிற்கும்? ஸ்ப்ளிட் செய்தபோது எல்லா அடுக்கும் சேர்ந்தே வெட்டுப்பட்டதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

சோதித்துப் பார்க்க லெவலை ஏற்றி இறக்கினான். மூல சுவர் நீண்டது, மூன்று துண்டுகளும் கூடவே நீண்டன. ஷெட்யூலில் மூன்று எண்களும் சேர்ந்தே மாறின. மறந்துபோக இடமில்லை.

பார்ட்ஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூல சுவர் அழியாமல் மாடலுக்குள்ளேயே இருக்கிறது. சுவர் தெரிய வேண்டுமா, துண்டுகள் தெரிய வேண்டுமா, இரண்டுமா என்பதை ஒவ்வொரு வியூவிலும் தனியாகச் சொல்லலாம். சுவர் ஷெட்யூலையும் பார்ட் ஷெட்யூலையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே காங்கிரீட் இரண்டு தடவை கணக்கில் வரும். மூல சுவரை அழித்தால் துண்டுகளும் போய்விடும். பிரிக்கும்போது இடைவெளி கொடுக்கலாம், ஆயத்தப் பலகைகளுக்கு அது வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போடும் சுவருக்கு இடைவெளி பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கோடு எங்கே என்பதை மென்பொருள் காட்டும், அந்தக் கோட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது ஆளுக்குத் தெரிய வேண்டும். பழைய முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, மூட்டில் பிவிசி வாட்டர் ஸ்டாப்பர் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது போட வேண்டும். இதை அப்பா சொல்லச் சொல்ல மகன் வரைபடத்தில் குறிப்பாக எழுதினான்.

கடைசியில் மூன்று துண்டுக்கும் மூன்று நிறம் கொடுத்து ஒரு தாள் எடுத்தான். ஒவ்வொன்றிலும் 7.2. அப்பா பேனாவை எடுத்து மூன்றின் கீழும் "2 வண்டி" என்று எழுதி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுவர் எழும்பியது. ஐப்பசி மழை முதன்முதலாக இரவெல்லாம் கொட்டிய மறுநாள், விடிவதற்கு முன்பே அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மகனும் கூடப் போனான். எட்டாவது மீட்டரில் ஒரு தடவை, பதினாறாவது மீட்டரில் ஒரு தடவை, அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் மகனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

காய்ந்திருந்தது.

இன்று அவன் எந்தச் சுவர் வரைந்தாலும் முதலில் கேட்பது, இதை எத்தனை தடவையாகப் போடுவார்கள் என்றுதான். ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களும் சப்மிஷனுக்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் ஒரு மேஸ்திரியிடம் கேளுங்கள்!