மலைக்காரங்க ஒடம்பு

"மலைக்காரங்க ஒடம்பு வேறங்க, நமக்கு வர்ற சீக்கெல்லாம் அவங்கள அண்டாது." கள்ளக்குறிச்சிப் பக்கத்து வடக்கனந்தலில் உட்கார்ந்து டீ குடிக்கிற எவரும் இதைக் கேட்காமல் எழுந்து போக முடியாது. மேற்கே கோமுகி அணைக்குப் பின்னால் கல்வராயன் மலை. கீழே நெல்லும் கரும்பும் மரவள்ளியும். மேலே சாமையும் தினையும் கடுக்காயும். மேலிருந்து வரும் வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கும் மலையாளிப் பழங்குடிகளின் மெலிந்த, நரம்போடிய கால்களைப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு இது. அரை கிளாஸ் டீ முடிவதற்குள் அதே ஆள், "பாவம், ரத்தமே இருக்காது, சோகை புடிச்ச சனம்" என்றும் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் அவர் காட்டுகிற காரணம் ஒன்றுதான்: பரம்பரை.

இந்தப் பரம்பரைக் கணக்கில் எனக்கு நெடுநாளாகவே சந்தேகம். வாழ்கிற இடம் உடம்பில் பதியும் என்பது மெய்தான். ஆனால் அது பதிய எத்தனை தலைமுறை பிடித்தது, பதிந்த பிறகு அந்த இடம் அப்படியே இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை நீலகிரிக்குப் போகிறது.

1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபணு இருப்பதை எழுதினார்கள். அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது தெரியவந்தது. அதுவரை பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோயாக எண்ணப்பட்டது நம் மலைகளிலும் இருந்தது. நீலகிரியிலும் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை. சரிவுக் காடுகளில் வாழ்ந்த இருளர், குறும்பரிடம் அதிகம். உச்சிப் புல்வெளியில் எருமை மேய்த்த தோடரிடம் மிகக் குறைவு. ஒரே மலை, ஒரே மாவட்டம், மனிதர்களும் பக்கத்துப் பக்கத்துக் குடிகள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

விடை இரண்டு ஆண்டு கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கென்யாவில் வளர்ந்த ஆந்தனி அலிசன் என்ற மருத்துவர், கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் இந்த மரபணு நிறைந்திருப்பதையும், குளிர்ந்த மேட்டு நிலங்களில் அது ஏறக்குறைய இல்லாமல் போவதையும் கவனித்தார். மலேரியா எங்கே இருந்ததோ அங்கே மரபணுவும் இருந்தது. இதே போக்கில் 1949-இலேயே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைப் பற்றி ஊகித்தவர் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் 1964-இல் இறந்த அதே ஹால்டேன்தான்.

விஷயம் இதுதான். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் ஆறாவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கும். அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மாற்றம் வந்தால் பிள்ளைக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. அதோடு, உயிரைக் குடிக்கிற ஃபால்சிபாரம் மலேரியா அந்தப் பிள்ளையை எளிதில் வீழ்த்தவும் முடியாது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் சிவப்பணுக்கள் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி, கை கால் மூட்டெல்லாம் முறித்துப் போடுகிற வலி வரும். 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் செத்துப்போகும். ஆக, பல பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய அதே மரபணு சில பிள்ளைகளைப் பலி வாங்கியது. காட்டில் கொசு இருந்தவரை அந்தக் கணக்கு லாபத்தில் ஓடியது.

இப்போது கொசு மருந்தும் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் வந்து, தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாக அடங்கிவிட்டது. மரபணுவுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. லாபம் நின்றுவிட்டது, வட்டி மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. இதைத்தான் நாம் 'பழங்குடி நோய்' என்று பெயர் வைத்து, ஏதோ அவர்கள் ரத்தத்திலேயே குற்றம் இருப்பது போலப் பேசுகிறோம்.

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் ஒரு முகாமில் அரிவாள் செல் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிறு கண்ணாடிக் குழாயில் மருந்துக் கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை அதில் விட்டுக் கலக்கிச் சிறிது நேரம் வைப்பார்கள். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளைப் பிடிப்பார்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் கவலை இல்லை. கலங்கி, கோடு மறைந்தால் அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால் ஒற்றை மரபணுவா, இரட்டையா என்பதை இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு வேறு கருவி வேண்டும். பெற்றோர் இருவரிடமும் ஒற்றை மரபணு இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. அங்கே ஒரு தாய் நர்ஸைக் கேட்டார்: "மூத்தவனுக்கு வந்துடுச்சு. நாலுல ஒண்ணுன்னு சொன்னீங்கல்ல சிஸ்டர், அப்ப இனி மூணுக்கு வராதுதானே?" சிஸ்டர் பொறுமையாக, ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்த நாலில் ஒன்று புதிதாகத் தொடங்கும் என்று விளக்கினார். கல்லூரியில் நிகழ்தகவு படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் அது.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயனின் மலையாளிகள் தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினார்கள் என்ற அவர்களுடைய கதையை தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் காணலாம். அந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொண்டால் அவர்கள் மேலே போய்ச் சில நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. இருபது தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களான பிறகும் பாலைச் செரிக்க வைக்கிற மரபணு மாடு மேய்த்த மக்களிடம் பரவுவதற்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அந்த அளவுகோலில் இருபது தலைமுறை ரொம்பக் குறைவு. மலையேறியதும் முதலில் மாறியது அவர்கள் ரத்தமாக இருந்திருக்காது. விதைத்ததும் தின்றதும் நடந்த தூரமும்தான் மாறியிருக்கும். அந்த நரம்போடிய கால்கள் மலைப்பாதை கொடுத்தவை. கீழேயே பிறந்த என்னையும் சிறு வயதில் அங்கே விட்டிருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

சோகைக் கதையும் பாதிக்கு மேல் இப்படித்தான். "ரத்தம் எட்டு பாயின்ட்தான் இருக்கு" என்று நர்ஸம்மா சொன்னால் பரம்பரையைத் தேடுவதற்கு முன் பாதத்தைப் பார்க்க வேண்டும். ஈர மண்ணில் கிடக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் ரத்தம் குடிக்கும். அதற்குத் தீர்வு செருப்பு, கக்கூஸ், பூச்சி மாத்திரை. அடுத்தடுத்த பிரசவமும் அரைவயிற்றுச் சாப்பாடும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வறுமைக்கு மரபணு என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் பரம்பரைப் பேச்சு இவ்வளவு பிரபலமோ என்னவோ.

சர்க்கரைக்கும் இதே மாதிரி ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றுகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் உடம்பு கொழுப்பைச் சேர்த்துவைக்கப் பழகிவிட்டதாம். அதனால்தான் இன்று வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளியாம். சேலம் மாவட்டத்தை உலுக்கிய பஞ்சம் அது என்பதால் நம் பக்கம் இது சுலபமாக எடுபடும். பஞ்சம் தாங்கும் மரபணு என்ற யோசனையை 1962-இல் மரபியலாளர் ஜேம்ஸ் நீல் சொன்னார். அதற்கு உறுதியான சான்று இன்றுவரை கிடைத்தபாடில்லை. ஒரு பஞ்சமும் ஆறேழு தலைமுறையும் ஒரு தேசத்தின் மரபணுவைத் திருப்பிப் போட்டன என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

இதைவிட நம்பத்தக்கது புனேயில் கிடைத்தது. மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கின் குழு புனே வட்டாரக் கிராமக் குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளையும் பிறந்த உடனே எடுத்த அளவுகளைக் கொண்டு ஒப்பிட்டு 2003-இல் எழுதியது. நம் குழந்தைகள் எடையில் கிட்டத்தட்ட 800 கிராம் குறைவு. தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே பற்றாக்குறைக்குத் தயாராகிவிட்ட உடம்பு அது. அப்படிப் பிறந்தவர் வளர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வேளையும் அரிசிச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை வராமல் என்ன செய்யும்? நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. நகரத்தில் கிராமத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு இடத்துக்கும் மரபணு ஒன்றுதான். மலை மேலும் சாமைக் கொல்லைகளை மரவள்ளி பிடித்துக்கொண்டு வருகிறது. சோற்றுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. இலவச அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன், அது பசியைப் போக்கிய அரிசி. சாமையும் அதே ரேஷன் கடையில் கிடைத்தால் நல்லது என்றுதான் சொல்கிறேன்.

2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார்கள். 2047-க்குள் ஒழிப்பது இலக்கு. 17 மாநிலங்கள், தமிழ்நாடும் சேர்த்து. 40 வயது வரையிலான 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை. முடிவை அட்டையாகக் கொடுக்கிறார்கள், மணமக்கள் இருவரும் ஒப்பிட்டுப் பார்க்க. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜாதகம் பார்க்கிற ஊரில் இந்த அட்டையால் முதலில் யார் மதிப்பிழப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை: பெண்தான். ஒற்றை மரபணு உள்ளவர் நோயாளி இல்லை என்பதை அட்டை கொடுக்கிற அன்றைக்கே, மாமியார் ஆகப்போகிறவர் காதிலும் விழும்படி, ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அச்சடிப்பதைவிட அதற்குத்தான் ஆள் அதிகம் தேவை.

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மலையில் ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தும், பூச்சி மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்றால், அப்போதுதான் பரம்பரையைப் பற்றிப் பேச நேரம். அதற்கான சோதனைக்கு அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி இறங்கி வரக் கூடாது. வெள்ளிமலையில் ரத்தத்தை எடுத்து, குழாயை மட்டும் கீழே அனுப்பினால் போதும்.