பாட்டின் மறுபாதி

சித்திரை விடுமுறை பிறந்துவிட்டால் கொழும்பு வாசிகள் பலருக்கு நுவரெலியாவின் நினைவு வந்துவிடும். 2023ஆம் ஆண்டுச் சித்திரையில் நாமும் குடும்பத்தோடு அங்கே புறப்பட்டோம். கிறகரி வாவியில் படகேறுவது, விக்டோரியா பூங்காவில் மலர் காண்பது, ஹக்கலைப் பூந்தோட்டத்தில் ஒரு பகலைக் கழிப்பது என்பன எமது திட்டம். தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டத்தில் வாழும் எமது அம்மாயியை இறுதி நாளில் கண்டு வருவதாகவும் இருந்தோம். உண்மையைச் சொல்வதானால், ஊர் பார்ப்பதற்கு மூன்று நாள்களையும், பெற்ற தாயின் தாயைப் பார்ப்பதற்கு அரை நாளையும் ஒதுக்கியிருந்தோம்!

புகையிரதம் அட்டனைக் கடந்து மேலே ஏறியது. உல்லாசப் பயணிகள் கதவருகே நின்று, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்தனர். நாமும் எடுத்தோம். அவ்வேளை, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த எமது மூத்த மகன் ஒரு செய்தி சொன்னான்.

“அப்பா, அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் மலையையும் ஆற்றையும் பார்க்கப் போவதில்லை. பாட்டுக் கேட்கவே போகிறார்கள்.”

அவன் கூறியது மெய்யே. டென்னசி மாநிலத்தின் அந்நகரிலிருந்து 1925ஆம் ஆண்டு தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்னும் வானொலி நிகழ்ச்சி இன்றளவும் தொடர்கிறது. மலைக்குடியானவர், சுரங்கத் தொழிலாளர், பருத்திக்காட்டு ஏழைகள் ஆகியோரிடையே வழங்கிய பாட்டுகளில் வேர்கொண்ட இசை அது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான லொரெட்டா லின், தம் பிறப்பைப் பாட்டாக்கி 1970இல் பாடிப் பெரும்புகழ் எய்தினார். அவ்விசைக்கென்றே ஓர் அரும்பொருட்சாலையும் 1967 முதல் அங்குண்டு.

“நம்முடைய மலையிலும் பாட்டு இருக்குமே! அதைக் கேட்க ஏன் ஒருவரும் வருவதில்லை?” என்று மகன் கேட்டான்.

எம்மிடம் விடை இல்லை. மலையகத்தில் பிறந்த தாய்க்கு மகனாய்ப் பிறந்தும் அம்மலையின் பாட்டு ஒன்றேனும் எமக்கு முழுமையாகத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அன்றிரவே திட்டத்தை மாற்றினோம். வாவிக்கு ஒரு காலைப்பொழுது போதும். எஞ்சிய நாள்கள் அம்மாயிக்கு என்று தீர்மானித்தோம்.

மலையகத்தின் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தமிழகத்து ஊர்களிலிருந்து எம் முன்னோர் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து இம்மலைகளுக்கு வந்தனர். கையில் கொண்டுவந்தது சிறிது. நெஞ்சில் கொண்டுவந்தது தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும். அவற்றோடு கங்காணியும் பனியும் அட்டையும் புதிதாகச் சேர்ந்துகொண்டன. மாசி மாதத்தில் தப்பு முழங்க ஆடப்படும் காமன் கூத்து தோட்டங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. 1940இல் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி நூலாக வெளியிட்டார், கூட்டங்களிலும் பாடினார். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஏட்டில் ஏறியவை இவ்வாறு பிழைத்தன. ஏறாதவை எங்கே உள்ளன?

ஒன்று அம்மாயியிடம் இருந்தது.

எண்பத்து நான்கு வயதான அம்மாயி லயத்து வாசலில் குந்தியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கூடை சுமந்த தலை அது. கயிறு பதிந்த வடு நெற்றிக்கு மேலே இன்னும் தெரிகிறது. பிள்ளைகள் காலில் விழுந்து எழுந்ததும், மகன் தயங்கித் தயங்கித் தன் விருப்பத்தைச் சொன்னான். அவர் சிரித்தார்.

“அது ரெண்டு பேரு பாடுற பாட்டு, ராசா. ஒருத்தி மட்டும் பாடி என்ன செய்ய?”

அப்போதுதான் கதை வெளிவந்தது. அம்மாயியும் அவருடைய அக்காளும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரைகளில் கொழுந்து எடுத்தவர்கள். அக்காள் ஓரடி எடுப்பார். தங்கை மறு அடி கொடுப்பார். நிறுவைத் தராசில் இறாத்தல் குறைந்த கதையும், மூடுபனியில் வழி தெரியாத கதையும், பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தையின் அழுகையும் அப்பாட்டில் வரும். தங்கை கேள்வியை எடுத்தால் அக்காள் விடை சொல்வதும் உண்டாம்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கீட்டில் அக்காளின் குடும்பம் அக்கரைக்கும், அம்மாயியின் குடும்பம் இக்கரைக்கும் ஆயின. 1971இல் ஒருநாள், தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியில் அக்காள் ஏறினார். வழிநெடுக அழுகுரல் கேட்டதால் அவ்வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே அழைத்தனர். அதன்பின் அம்மாயி பாடவில்லை. அக்காளும் தங்கையும் மீண்டும் சந்திக்கவில்லை. நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்தில், அங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, அக்காள் மறைந்துவிட்டார்.

இதைக் கேட்டபின் பாடச்சொல்லி வற்புறுத்த எமக்கு நா எழவில்லை. ஆனால் இளையவர்கள் வழி காண்பதில் வல்லவர்கள் அல்லவா? அக்காளின் மகளுடைய தொலைபேசி எண், பழைய கலியாண அழைப்பிதழ் ஒன்றில் கிடைத்தது. இங்கிருந்து போகும்போது அவருக்கு வயது பன்னிரண்டு. இரவில் எமது மகன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். சிறு திரையில், நரைத்த தலையோடு ஒரு முகம் தோன்றியது. “சின்னம்மா!” என்றது அக்குரல். “அக்கா சாடையா இருக்கியே, மகளே!” என்றார் அம்மாயி. சற்றுநேரம் இருவரும் பேசவில்லை.

பின்பு, யாரும் கேளாமலே, அம்மாயி முதலடியை எடுத்தார். குரல் நடுங்கிற்று, இராகம் நடுங்கவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து மறு அடி வந்தது! தாய் தன்னைத் தாலாட்டும்போது இரு பங்கையும் தாமே பாடுவாராம். அதனால் மகளுக்கு அது மனப்பாடம். இரண்டாம் அடிக்கும் விடை வந்தது. மூன்றாம் அடிக்கும் வந்தது. நான்காம் அடிக்கு வரவில்லை. “மறந்து போச்சு, சின்னம்மா” என்று அவர் கண்கலங்கினார்.

“ஒங்கம்மா இருந்தா சொல்லியிருப்பா” என்றார் அம்மாயி. அவருக்கும் அக்காள் பாடிய அந்த அடி நினைவில்லை.

கொழும்புக்குத் திரும்பியபின் மகன் அப்பாட்டை ஒரு கொப்பியில் எழுதினான். நான்காம் அடிக்கு மறு அடி வரவேண்டிய இடத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறான். “நாமே ஒன்று எழுதிச் சேர்த்தால் என்ன?” என்று கேட்டோம். “வேண்டாம் அப்பா, அது அந்தப் பாட்டியின் இடம்” என்றான்.

வாசகர்களே, மலைநாட்டுக்குச் செல்லுங்கள். அருவியையும் வாவியையும் கண்குளிரக் காணுங்கள். உங்கள் உறவிலோ அயலிலோ முதிய தாய் ஒருவர் அங்கிருந்தால், அவர் அருகே ஓர் இரவேனும் அமர்ந்து கேளுங்கள். கொப்பியொன்றையும் உடன் கொண்டு செல்லுங்கள். அருவி அடுத்த ஆண்டும் அங்கே இருக்கும்.