"அண்ணன் உசுரு வீட்டுலயே போகட்டும்!" - ஐ.சி.யூ வாசலில் ஒரு குடும்பம்

மூளைத்தண்டு, கட்டைவிரல் அளவே இருக்கும். மூச்சு, இதயத்துடிப்பு, விழிப்பு எல்லாவற்றையும் நடத்துவது அதுதான். ரத்த அழுத்தம் எகிறி அங்கே ரத்தநாளம் வெடித்தால் என்ன ஆகும் என்பது, திருக்கோவிலூர் பெரியப்பாவுக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் செய்ய முடியாத இடம் என்று சொல்லி, வென்டிலேட்டரில் வைத்தார்கள். அன்றிரவே உறவுகள் இரண்டாகப் பிரிந்தன. "நெலத்த வித்தாவது பாப்போம்" என்றான் பெரியப்பா மகன். "அண்ணன் உசுரு வீட்டுலயே போகட்டும்டா" என்றார் சித்தப்பா. ஆம்புலன்ஸில் அழைத்துவந்து, வீட்டில் கிடத்திவிட்டுக் குழாயை எடுப்பது எங்கள் பக்கம் புதிதல்ல.

டூட்டி டாக்டர்தான் நிதானமாகச் சொன்னார்: "இன்னைக்கே முடிவெடுக்காதீங்க. ரெண்டு நாள் முழு சிகிச்சை கொடுத்துப் பாப்போம்." அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் 2022 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அவசரப்பட்டால், பிழைக்கக்கூடியவரையும் இழந்துவிடலாம்.

இன்னொன்றையும் விளக்கினார். உடம்பு அசையவில்லை என்பதாலேயே நினைவில்லை என்று அர்த்தமில்லை. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான் டொமினிக் போபிக்கு 1995-ல் மூளைத்தண்டுப் பக்கவாதம் வந்தது. இடது கண்ணை மட்டும் சிமிட்டியே ஒரு புத்தகம் எழுதினார் அவர். பெரியப்பாவுக்கோ கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. மூச்சும் தானாக வரவில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மா வாய் திறந்தார். "பக்கத்து வீட்டுக்காரரு மெஷின்ல கெடந்தப்பவே, எனக்கு இப்படி வேணாம்னு சொல்லிட்டாருப்பா."

அதுவரை எல்லோரும் தங்கள் மனசைப் பேசினார்கள். அவர் மனசைச் சொன்னது பெரியம்மா மட்டும்தான்.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்று 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு, மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். விருப்பத்தை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். 2023 முதல், இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் இருந்தால் போதும். சிகிச்சையை நிறுத்தினாலும், வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் கவனிப்பு நிற்காது.

குழு கூடும் முன்பே, ஐந்தாம் நாள் விடியற்காலையில் பெரியப்பா போய்விட்டார். பெரியம்மா அவர் கையைப் பிடித்தபடி இருந்தார். காரியத்தன்று சித்தப்பாவும் பெரியப்பா மகனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே இரண்டு விஷயங்கள் கேளுங்கள். பிரஷர் மாத்திரை போட்டாச்சா? பேச முடியாமல் போனால், உங்களுக்காக நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?