சுவரில் தொங்கும் நாடா

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்குமாடி வீடுகளில் இப்போது ஆட்டுக்கல்லில் அல்லி பூக்கிறது. உருளியில் மெழுகுவத்தி மிதக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் டிவி ரிமோட்டுகள் கிடக்கின்றன. இப்படி வீடுகளை அழகுபடுத்துவதையே தொழிலாகக் கொண்ட தோழி ஒருத்தி எனக்கு உண்டு. வீட்டுக்காரர்கள் பரணிலிருந்து இறக்கித் தருவதை வைத்தே பாதி வேலையை முடித்துவிடுவாள். மீதிக்கு வெளியே வாங்க வேண்டும். அதில் இப்போது கிராக்கி அதிகம் கைத்தறி நாடாவுக்குத்தான். தறியில் பாவுக்குக் குறுக்கே ஊடைநூலைக் கொண்டு ஓடுகிற அந்த மரத்துண்டை வரிசையாகச் சுவரில் அடித்தால் சாவி மாட்டலாம். நடுக்குழியில் சின்ன விளக்கு வைக்கலாம்.

“ஜெயங்கொண்டம் பக்கம் தறியைக் கழட்டிப் போடறாங்களாம். வர்றியா?” என்றாள். போனேன்.

தறிச் சாமான் அலங்காரப் பொருளாவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகள் மூடிய பிறகு அங்கே நூல் சுற்றிய மரக்கட்டைகள் மெழுகுவத்தித் தாங்கிகளாகக் கடைக்கு வந்தன. நம் நெசவாளர் வயிற்றில் அடித்த ஆலைகளின் மிச்சத்துக்கும் நம் தறிகளின் மிச்சத்துக்கும் கடைசியில் ஒரே அலமாரி வாய்த்திருக்கிறது.

சென்னையிலிருந்து மீன்சுருட்டி வழியாகப் போனால் ஜெயங்கொண்டத்துக்கு முன்பே கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடும். இறங்காமல் போக மனம் வரவில்லை. பழையதை எடுத்துப் புதியதற்குப் போடுவது இந்த ஊர் நன்றாக அறிந்த சங்கதி. கங்கைப் படையெடுப்பின் நினைவாக ராஜேந்திர சோழன் எழுப்பிய தலைநகரம் இது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். ஆனால் கோயிலைச் சுற்றிய கல் மதிலின் பெரும்பகுதியைக் காணோம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கும்பினி அதிகாரிகள் பெயர்த்துக்கொண்டு போனது அது. உள்ளூர் ஏழை மக்கள் தங்களால் முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அதிகாரிகள் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு என்ன ஆனது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை; சுற்றி ஒரு நடை போனால் தெரிந்துவிடும். பக்கத்தில் மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைத் தொல்லியல் துறையினர் தோண்டி வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே சுற்றுவட்டாரத்துக்காரர்கள் அங்கே செங்கல் எடுத்து வீட்டுக்குப் போட்டுக்கொண்டதுண்டு. குடிசைக்காரன் நாலு செங்கல் எடுத்ததையும் சர்க்கார் ஒரு மதிலையே எடுத்ததையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

ஜெயங்கொண்டத்தை ஒட்டிய செங்குந்தபுரத்துக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. தெருவில் சில வீடுகளில் தறிச் சத்தம், பல வீடுகளில் டிவி சத்தம். நாங்கள் தேடிப் போன பெரியவர் வீட்டில் டிவிதான்.

“நாடாவா? நல்லது வேணுமா, கெட்டது வேணுமா?” என்று கேட்டார்.

தோழி விழித்தாள். அவர் உள்ளே போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தார். இருபுறமும் கூர்ந்து, கை பட்டுப் பட்டுப் பழுப்பேறிய நாடாக்கள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம்.

“தடவிப் பாருங்க தம்பி. எங்கயாவது சுருக்குன்னு படுதா?”

படவில்லை. அதுதான் விஷயம். பட்டுப்பாவின் இழைகள் மயிரிழையைப் போன்றவை. நாடாவில் ஓரிடத்தில் சிலாம்பு கிளம்பியிருந்தாலும் இழை அறுந்துவிடும். அறுந்த ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து முடிபோட வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. அதனால் புது நாடாவை உடனே பட்டில் விட மாட்டார்களாம். தேய்த்து, எண்ணெய் போட்டு, கையில் பழக்கித்தான் விடுவார்கள். நடுக்குழிக்குள் ஒரு கம்பி. அதில் ஊடைநூல் சுற்றிய தாரைச் செருகுவார்கள். பக்கவாட்டில் நூல் வெளியே வரும் கண். வெறும் மரத்தில் கண் இருந்தால் ஓடி ஓடிப் பட்டுநூல் மரத்தையே அறுத்துவிடும் என்பதால் அதில் பீங்கான் வளையம் பதித்திருக்கிறது. வளையம் விழுந்துபோன ஒன்றைக் காட்டினார். மரத்தில் நூல் அறுத்த தடம் கத்தியால் கீறியதைப் போல ஆழமாக இருந்தது. தோழி அதைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரிசல் விட்டது, முனை மழுங்கியது என்று அவள் பொறுக்கப் பொறுக்கப் பெரியவர் முகத்தில் சிரிப்பு. உதவாததை எல்லாம் ஒருத்தி காசு கொடுத்து வாங்குகிறாளே என்று. நல்ல நாடாக்களைச் சாக்கில் திரும்பப் போட்டுக் கட்டினார். தறியே இல்லாத வீட்டில் அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சேலைக் கோலம் அட்டையில் துளையாக மாறி ஜக்காடு என்ற தறிக்கருவியில் ஏறுகிற விதத்தையும் விளக்கினார். நீளமான சமாச்சாரம், அதை விட்டுவிடுகிறேன். அந்த அட்டைக் கோர்ப்பையும் தோழி விலை பேசினாள். ஏதோ ஒரு வீட்டு வரவேற்பறையில் அது தடுப்புத் திரையாகத் தொங்கப் போகிறது.

தறி இருந்த கூடத்தில் தறிக்குழியின் மேல் பலகை போட்டு, அதன்மேல் தையல் மிஷின் வைத்திருந்தார்கள். மிஷினில் பெரியவரின் மனைவி. தோழி அங்கே வந்ததற்கு இன்னொரு காரணமும் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சென்னையில் வீடு வீடாகச் சேர்த்த பழைய பட்டுச்சேலைகளை இங்கே அனுப்பி குஷன் உறையாகவும் சுவரில் மாட்டும் துண்டாகவும் தைத்து வாங்குகிறாள்.

அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஏழெட்டு வயதில் அப்பாவின் தறியில் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். குழியில் உட்கார்ந்து மிதிக்கிறவரால் மட்டும் ஆகாது. வலது பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவைப் போட வேண்டும். “அப்பாவுக்குக் கரை போட்டேன். கட்டிக்கிட்டு வந்து இவருக்குக் கரை போட்டேன். எத்தனை சேலைன்னு யாரு கணக்கு வச்சா?” என்றார். கூலி சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரர் கையில் வரும். வலது பக்கம் உட்கார்ந்தவருக்கென்று அதில் ஒரு வரி கிடையாது.

என்னை அதிகம் உறுத்தியது இதுதான். கைத்தறிக் கணக்கெடுப்பில் 1995-இல் நாடு முழுக்க 65 லட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர்கள், 2009-10-இல் 43 லட்சமாகி, 2019-20-இல் 35 லட்சமாகச் சுருங்கிவிட்டார்கள். அந்த 35 லட்சத்தில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் பாவும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி பேசுவது ஆண்களிடம். கழித்துக்கொள்வதும் அவர்களிடம்தான்: ஜரிகை கூடப் போய்விட்டது, கரையில் கறை, முகூர்த்தம் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக்கும் கும்பகோணத்துக்கும் போய்ச் சேருகிற சேலைக்குக் கண்ணாடிக் கடையில் விலை ஒட்டும்போது, அந்த விலையில் நெய்தவருக்குப் போன பங்கு எவ்வளவு என்றும் பக்கத்திலேயே ஒட்டச் சொல்ல வேண்டும். பட்டுக்கும் ஜரிகைக்கும் தரப் பரிசோதனை வைத்திருக்கிற நாட்டில், கூலிக்கு ஒரு முத்திரை வைக்க முடியாதா? பட்டுச்சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. தெருவை நடந்து பார்த்தால், சட்டத்தைவிட விசைத்தறி வேகமாக ஓடியிருப்பது தெரிகிறது.

இந்த ஆவேசத்தோடு திரும்பிப் பார்த்தேன். எதிரே தோழி குஷன் உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய கடையில் அதே உறையின் விலைச்சீட்டை நான் பார்த்திருக்கிறேன். அம்மாள் சொன்ன தையல் கூலி அதில் எட்டில் ஒரு பங்கு இருக்கும்.

வெளியே வந்து கேட்டேன். அவள் கோபப்படவில்லை. வாங்குகிற சேலையில் பாதி மடிப்பில் கிழிந்தே வருகிறது, சலவைக் கூலி, உள்துணி, கூரியர், இணையக் கடைக்காரனின் கமிஷன், திரும்பி வருகிற சரக்கு என்று அடுக்கினாள். எல்லாம் உண்மைதான். முதலாளிமாரைக் கேட்டாலும் இப்படி உண்மைகளைத்தான் அடுக்குவார்கள். அவளும் அதை யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

உள்ளே திரும்பினோம். அம்மாள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வந்த சேலைகளை விரித்துப் போட்டு, இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பார்க்கிறார். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் பீரோவில் இருந்தது மடிப்பிலேயே விடும். “வருஷத்துக்கு ரெண்டு தரம் மடிப்பை மாத்தி வைக்கச் சொல்லுங்க, இவ்ளோ வீணாப் போவாது.” உடல் விட்டாலும் கரை விடாது, கோர்வை நன்றாக நெய்த சேலையில் பட்டு கிழியும், இணைப்பு கிழியாது. முந்தியைத்தான் சுவருக்கு எடுக்கிறார். ஜரிகையைக் கீறிப் பார்த்து அசல் வெள்ளி எது, பிளாஸ்டிக் எது என்று பிரிக்கிறார். அசலை அவர் வெட்டுவதே இல்லை. அந்த மாதிரிச் சேலைகள்தான் வெள்ளிக்காகப் பழைய பட்டு வாங்குகிறவர்கள் கைக்குப் போய் நெருப்பில் எரிகின்றன. மேற்கு ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லி ஒரு வீட்டார் கேட்டிருந்தார்களாம். முடியாது என்று சொல்லிவிட்டார். வெயில் பட்டால் பட்டு நொந்துவிடும், ஒரு கோடைக்குத் தாங்காது.

ஒரு சேலையைப் பிரித்ததும் கையை அப்படியே வைத்துக்கொண்டார். கத்தரிப்பூ உடல், அரக்குக் கரை. அவரே கரை போட்டதாக இருக்குமோ என்று நான் நினைத்தேன். அவர் பார்த்தது வேறு. “இது ரெண்டு கை. இந்தக் கரை சீரா இருக்கு, அந்தக் கரை பாருங்க, இறுக்கம் மாறி மாறி இருக்கு. சின்னப் புள்ளையை உட்கார வச்சிருக்காங்க.”

கிளம்பும்போது கணக்கு. உறைகளுக்கும் நாடாக்களுக்கும் பணம் எண்ணிக் கொடுத்தாள் தோழி. நாடாப் பணத்தைப் பெரியவர் வாங்கிக்கொண்டார். தையல் பணத்துக்கு அம்மாள் தாமே கை நீட்டினார்.

“பாப்பா, இனிமே சேலை அனுப்பினா ஃபால்ஸைப் பிரிச்சுட்டு அனுப்பு. நான் பிரிக்கணும்னா அதுக்குத் தனிக் கூலி. இழை போவாமப் பிரிக்க அரை மணி ஆவுது.”

“சரிம்மா, ஃபால்ஸுக்குத் தனியா போட்டுக்கலாம்.”

“உள்துணி வெட்டுறதுக்கும்.”

“அது முடியாதும்மா. அது உறைக் கூலியிலேயே சேர்ந்ததுதானே?”

“அப்ப உள்துணியை மெட்ராஸ்லயே வெட்டி அனுப்பிச்சுடு. அளவு எழுதித் தர்றேன்” என்றவர், சொன்ன கையோடு ஜக்காடு அட்டை ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தில் அளவு எழுதத் தொடங்கினார். பதினாறுக்குப் பதினாறு அங்குலம், தையலுக்கு அரை அங்குலம் கூட.