வீதியும் பந்தயத் தடமும்

கலைப்பீடத்து மாணவனொருவன் மோட்டார்ச் சைக்கிளைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பொறியியற்பீடத்து நண்பர்கள், தமது எல்லைக்குள் ஒருவன் அத்துமீறி நுழைந்துவிட்டான் எனக் குறைகூறவும் கூடும். எனினும், ஓரிடத்துக்கென ஆக்கப்பட்ட பொருளொன்றை வேறோரிடத்தில் நாள்தோறும் பயன்படுத்த நேர்கையில் அதனால் மனிதனுக்கு யாது நிகழ்கின்றது என்னும் வினாவில் நமக்கும் பங்குண்டு. நடுத்தர வலுவுடைய பந்தயவகை மோட்டார்ச் சைக்கிள்களின் வரலாறு அவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

இவ்விடயத்தில் என் தகுதி யாதெனக் கேட்பீர்களாயின், நான் பின்னிருக்கையில் அமர்ந்தவன். 2024 ஆம் ஆண்டு விடுமுறையில் இரு மாதங்கள் இலண்டனின் தென்கிழக்குப் புறநகரொன்றில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அவரிடம் 2009 ஆம் ஆண்டு யமஹா ஆர்-6 ஒன்று இருந்தது. கிழமை நாட்களில் அதிலேயே வேலைக்குச் செல்வார். மாதத்தில் ஒருநாள் கென்ற் மாவட்டத்திலுள்ள பிறாண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் தடத்துக்கு அதனையே கொண்டு செல்வார். அண்ணி அப்போது கருவுற்றிருந்தார். இரண்டு வண்டி வைத்திருக்க வீட்டில் இடமுமில்லை, பணமுமில்லை. ஆர்-6 ஐ வைத்திருப்பதா, அதனை விற்று யமஹாவின் புதிய ஆர்-7 ஐ வாங்குவதா என்பதே அவ்வீட்டின் அன்றைய பெரும் விவாதம். உடன் வேலைசெய்யும் ஒருவர் தமது ஆர்-7 ஐ இரண்டு கிழமைகளுக்கு மாற்றிக்கொள்ள இசைந்தமையால், இரண்டையும் அடுத்தடுத்து ஒப்புநோக்கும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது.

இவ்வகை வண்டிகள் தொடக்கத்தில் வீதிக்கே பிறந்தவை. 1987 இல் ஹொண்டா வெளியிட்ட சீ.பீ.ஆர். 600 எப், 598 சீ.சீ. கொள்ளளவும் ஏறத்தாழ 85 பரிவலுவும் உடையது. வேலைக்குப் போகவும், நெடுந்தூரப் பயணம் செய்யவும், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடவும் அந்த ஒரு வண்டியே போதுமானதாயிருந்தது. அந்நிலை நீடிக்கவில்லை. பந்தய விதியின்படி, இவ்வகுப்பில் ஓடும் வண்டி கடையில் விற்கப்படும் வீதி வண்டியிலிருந்து உருவானதாய் இருத்தல் வேண்டும். விதியை ஆக்கியோர் பந்தயத்தை வீதியோடு பிணைத்துவைக்க எண்ணியிருக்கலாம், விளைந்ததோ மறுதலையானது. பந்தயத்தில் வெல்லத்தக்க வண்டியைச் செய்து, அதற்கு விளக்கும் இலக்கத்தகடும் பூட்டி, வீதியில் ஓடுமாறு விற்கத் தலைப்பட்டனர் யப்பானிய உற்பத்தியாளர். 1999 இல் இவ்வகுப்பு உலகப் பட்டத்துக்குரியதாயிற்று. யமஹா ஆர்-6 சந்தைக்கு வந்ததும் அவ்வாண்டே. இப்போக்கைச் சற்றேனும் உணர்ந்தது கவசாக்கி எனத் தோன்றுகின்றது. 2003 இல் அது பந்தயத்துக்கென 599 சீ.சீ. வண்டியொன்றையும், வீதிக்கென 636 சீ.சீ. வண்டியொன்றையும் தனித்தனியே விற்றது. அந்த 37 சீ.சீ. பந்தய விதிக்கு ஒவ்வாதது. வீதியில் ஓடுபவனுக்கோ கீழ்ச்சுற்றில் கிடைத்த உதவி.

இனி, அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்ற இரண்டுக்கும் வருவோம். எண்களைப் பார்த்தபோது முதலில் எனக்கு வியப்பளித்தது அவற்றின் ஒற்றுமை. இரண்டும் ஏறத்தாழ 190 கிலோகிராம் எடையுள்ளவை. ஆர்-6 இன் உச்ச முறுக்குவிசை 66 நியூற்றன் மீற்றர். ஆர்-7 இனது 67. ஆயினும், முன்னையதின் வலு 120 பரிவலுவை மேவியது; பின்னையது 73 ஐ அண்மியது. சம முறுக்குவிசையுடைய இரண்டு இயந்திரங்களிடையே இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? வலு என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆர்-6 தன் உச்ச வலுவை நிமிடத்துக்கு 14,500 சுற்றில் தருகின்றது. ஆர்-7 இற்கு 8,750 சுற்றே போதும்.

அத்துணை வேகமாகச் சுழல்வதற்கு ஆர்-6 தன் உடலையே மாற்றிக்கொண்டது. பாடநூல்களில் முசலம் எனவும் கராச்சுகளில் பிஸ்ரன் எனவும் வழங்கப்படுவது, ஆர்-6 இன் நான்கு உருளைகளில் 42.5 மில்லிமீற்றர் தூரம் மட்டுமே மேலுங்கீழும் ஓடுகின்றது. ஆர்-7 இன் இரண்டு உருளைகளில் 68.6 மில்லிமீற்றர் ஓடுகின்றது. கடதாசியில் கணக்கிட்டுப் பார்த்தேன்: உச்ச வலுவில் இரண்டின் முசலங்களும் சராசரியாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்திலேயே ஓடுகின்றன. உலோகம் தாங்கக்கூடிய எல்லை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கின்றது. ஒன்று குறுகிய அடிகளை அடிக்கடி வைக்கின்றது. மற்றது நெடிய அடிகளை நிதானமாக வைக்கின்றது.

சுற்றின் மீதான மோகம் எவ்வளவு தூரம் சென்றதென்பதற்கு ஒரு செய்தி. 2006 ஆம் ஆண்டு ஆர்-6 இன் செந்நிறக் கோடு 17,500 சுற்று என யமஹா விளம்பரம் செய்தது. பின்னர், சுற்றுமானி உள்ளதைவிடக் கூட்டியே காட்டுகின்றதென்றும், உண்மையெல்லை 16,200 அளவினதே என்றும் வெளியாயிற்று. அதிருப்தியுற்றோரிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் யமஹா முன்வந்தது. அந்த ஆயிரத்துச் சொச்சச் சுற்றுகளை எந்த வீதியிலும் எவரும் பயன்படுத்தியிரார் என்பது வேறு விடயம்.

வீதியில் ஆர்-6 எவ்வாறிருந்தது? இலண்டனின் பல வீதிகளில் வேக எல்லை மணிக்கு 32 கிலோமீற்றர், நெடுஞ்சாலையில் 112. இவ்வண்டியோ முதற் கியரிலேயே 112 ஐத் தாண்ட வல்லது. ஆறாவது கியரில் அதே வேகத்தில் செல்லுகையில் இயந்திரம் ஏறத்தாழ 6,000 சுற்றில் உறங்கிக்கொண்டிருக்கும். அது விழித்தெழுவது 9,000 இற்கு மேலேதான். ஆகவே, சட்டத்தை மதித்து ஓடுபவன் அதன் இனிய பகுதியை ஒருநாளும் காணான். அதனைக் காண விழைபவன் தன் அனுமதிப்பத்திரத்தையோ உயிரையோ பணயம் வைத்தல் வேண்டும். சந்திகளில் நிறுத்தி நிறுத்திச் செல்லும்போது அண்ணனின் மணிக்கட்டுகள் உடற்பாரம் முழுவதையும் தாங்கின. பின்னிருக்கையோ உள்ளங்கை அகலத்தது. அதில் அமர்ந்தவன் முதுகினால் பேசுகின்றேன். அவ்வாண்டு மாதிரியில் சில்லுகள் இறுகிச் சறுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிறேக்கும் இல்லை. ஆர்-6 இற்கு அது 2017 இலேயே வந்தது. 2021 இல் அறிமுகமான ஆர்-7 இல் தொடக்கத்திலிருந்தே உண்டு. மழை ஓயாத நகரில் இது சிறிய விடயமன்று.

ஆர்-7 இல் ஏறியதும் முதலிரண்டு சந்திகளிலேயே வேறுபாடு புலப்பட்டது. 3,000 சுற்றிலும் அது தயங்காது இழுத்தது. கிளச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எனினும், அதன் கைபிடிகளும் தாழ்ந்தவையே. மணிக்கட்டு நோவு குறைந்ததேயன்றித் தீரவில்லை என்றார் அண்ணன். இவ்வகையில் கைபிடி உயர்ந்த அப்ரிலியா ஆர்.எஸ். 660 மேலானது, 100 பரிவலுவும் உடையது. விலையைக் கேட்டதோடு அப்பேச்சு முடிந்தது.

பிறாண்ட்ஸ் ஹட்சில் ஆர்-6 தன் வீட்டுக்கு வந்த பிள்ளைபோலாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அங்குள்ள குறுஞ்சுற்று இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தொடக்க நேர்பாதையின் முடிவில் படொக் ஹில் என்னும் வளைவு, கிணற்றுக்குள் இறங்குவதுபோல வலப்புறமாகச் சரிந்து விழுகின்றது. உடனே மேடேறி ட்றூயிட்ஸ் என்னும் கொண்டையூசி வளைவை அடைய வேண்டும். மேட்டில் நின்று கேட்டபோது, நான்கு உருளைகளும் ஒருங்கே எழுப்பிய கூவல் 14,000 சுற்றை அண்மித்து என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. அவ்வொலிக்கு ஈடாக ஆர்-7 இடம் ஒன்றுமில்லை. அதன் ஒலி உழவு இயந்திரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

ஆனால், அண்ணன் சொன்னது வேறு. ட்றூயிட்ஸ் வளைவில் ஆர்-6 இன் சுற்று சற்று இறங்கிவிட்டாலும் மேலெழும்போது வலுவிராது; எந்தக் கியர் என்ற எண்ணத்திலேயே பாதிக் கவனம் போய்விடும். ஆர்-7 இல் கியரை மறந்து வளைவை மட்டும் பார்க்க முடிந்தது. நேர்பாதையில் அவரைக் கடந்து சென்றோர் பலர்; வளைவுகளுக்குள் அவர் கடந்து சென்றோரும் சிலர். அத்தகைய நாட்களில் நேரங்கணிப்பதை ஒழுங்கமைப்பாளர் பெரும்பாலும் அனுமதிப்பதில்லையாதலால் எண்ணால் நிறுவ என்னால் இயலாது. மேட்டில் நின்று பார்த்தவன் என்ற முறையில் கூறுவேன்: ஆர்-6 இல் அவர் வண்டியைத் துரத்திக்கொண்டிருந்தார், ஆர்-7 இல் வண்டி அவரோடு சென்றது. தேர்ச்சிமிக்க பந்தயவீரனுக்கு இத்தீர்ப்பு பொருந்தாது. மாதத்தில் ஒருநாள் ஓடும் குடும்பத்தவனுக்குப் பொருந்தும்.

அன்றிரவு அண்ணி என்னைத் தனியே அழைத்து, "தம்பி, உண்மையைச் சொல்லும். இந்த ரெண்டிலையும் மெதுவாப் போறது எது?" என்று கேட்டார்.

"ஆர்-7 தான் அண்ணி. ஆனா அதுவும் மெதுவில்லை, 200க்கு மேலை போகும்" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு ரெண்டு மாசமா இந்தக் கதை?"

அவ்வினாவுக்கு விடை கூற நான் முயலவில்லை. சுழலும் வலுவின் வேறுபாட்டை அவருக்கு விளக்கலாம். அண்ணன் வீடு திரும்பும் ஓசைக்காக அவர் சாளரத்தருகே காத்து நிற்கும் நேரத்தை எந்த எண்ணில் வைத்து ஒப்பிடுவது?

இவ்விவாதத்தை ஐரோப்பியச் சட்டம் ஒருவகையில் முன்னரே முடித்துவைத்திருந்தது. அகன்ற உருளையும், உயர்சுற்றுக்கெனத் திறந்து மூடும் வால்வுகளும் எரியாத பெற்றோலில் ஒரு பகுதியைப் புகையோடு தப்பவிடுகின்றன. யூரோ 5 புகை விதி நடைமுறைக்கு வந்தபோது, 2020 இன் பின் ஆர்-6 ஐ ஐரோப்பிய வீதிகளுக்கென விற்பதை யமஹா நிறுத்திற்று. தடத்துக்கு மட்டுமென விளக்கின்றி விற்றது. ஹொண்டாவின் 600 2024 இல் அங்கு மீண்டு வந்ததாயினும் பழைய ஆரவாரம் திரும்பவில்லை. பந்தய விதியும் 2022 இல் தளர்ந்து, கொள்ளளவு கூடிய இரட்டை, மும்மை உருளை வண்டிகளுக்கு இடமளித்தது.

நான் நாடு திரும்பிய பின் அண்ணன் ஆர்-7 ஒன்றை வாங்கினார். பழையதை வாங்க வந்தவர் வீதியில் ஓடும் எண்ணமே இல்லாதவராம். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, முற்றத்திலேயே கண்ணாடிகளையும் இலக்கத்தகட்டையும் கழற்றி அண்ணன் கையிற் கொடுத்து, வண்டியைத் தமது வானில் ஏற்றிக்கொண்டு போனாராம்.