பின்னால் வரும் வீடு

அமெரிக்காவில் நிறையப் பேர் ஒரு குட்டி வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். டிராவல் டிரெய்லர் என்று பெயர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூலையில் டென்வர் நண்பருடன் அப்படிப் போனேன். டிரெய்லர் 5,000 பவுண்டு, சுமார் 2,270 கிலோ. இழுப்பது 1995 மாடல் பிக்கப். ‘இது இழுக்குமா?’ என்றேன். ‘இழுத்துடும் சார். நிறுத்தறதுதான் கஷ்டம்’ என்றார்.

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் என்பார்களே, உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். அதே சமாச்சாரம்தான் இங்கேயும். டிரெய்லர் எடையில் 10-லிருந்து 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பாரமானால் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். அப்போது பயத்தில் வண்டியின் பிரேக்கை மிதித்தால் போச்சு. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் மின்சார பிரேக்கை மட்டும் கையால் தட்ட வேண்டும். சொல்லுவது சுலபம்.

டென்வர் 5,280 அடி உயரம். இன்டர்ஸ்டேட் 70-ல் மேற்கே போனால், 1973-ல் திறந்த ஐசன்ஹோவர் குகைப்பாதை சுமார் 11,000 அடியில். அங்கே காற்று மெலிசு. டர்போ இல்லாத பழைய எஞ்சின் அந்த உயரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடுகிறது. லாரிகளோடு வலது ஓரமாக, ஓவர்டிரைவை அணைத்துவிட்டு, ஊர்ந்தோம். வெப்ப முள் ஏற ஏற நண்பர் ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரைப் போட்டார். ஆமாம், ஜூலையில்! எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை நம் மேல் திருப்பிவிடும் உபாயம். வேர்த்துக் கொட்டியது.

குகைக்குச் சற்று முன்னால் ஓரம் கட்டி, டிரெய்லர் பிரேக்கைச் சோதித்தார். பிடிக்கவில்லை. இணைப்பு பிளக்கில் பச்சையாகக் களிம்பு. உப்புத்தாளால் சுரண்டி, மாட்டி, மூன்று தடவை சோதித்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், குகைக்கு அப்பால் 7 சதவீதச் சரிவு, நூறடிக்கு ஏழடி இறக்கம். பிக்கப்பின் பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போய்விடும். அப்படி பிரேக் போன லாரிகளுக்கென்றே சாலையோரம் ஏற்றமாக ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள். ஜல்லியில் புதைந்து நிற்க வேண்டியதுதான். அன்று அதில் ஆழமாக ஒரு சக்கரத்தடம் பார்த்தேன். யாரோ, பாவம்.

இரண்டாவது கியரில் எஞ்சின் கத்த, அவ்வப்போது மட்டும் பிரேக்கை அழுத்திவிட்டு விட்டுவிட்டு இறங்கினார். இருவரும் பேசவில்லை.

சில்வர்தார்னில் நிறுத்தியதும் டிரெய்லரின் நாலு சக்கரக் குடங்களையும் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். நாலாவதையும் தொட்டுவிட்டு நிமிர்ந்து, ‘காபி சாப்பிடலாமா?’ என்றார்.