தறிச் சத்தத்துக்கு நடுவில் கேட்ட கேசட்

நேற்று ராத்திரி ‘அக்னி நட்சத்திரம்’ படப் பாட்டுகளை ஹெட்போனில் முழுசாகக் கேட்டேன். 1988இல் வந்தது. அப்போது வெள்ளகோவிலில் எங்கள் தறிக்குடோனில் டேப் ரெக்கார்டர் ஓடும். தறியில் நாடா அடிக்கிற சத்தத்தைத் தாண்டி டிரம்ஸ் மட்டும்தான் காதுக்கு வரும். ‘ராஜா ராஜாதி’ எங்களுக்குத் தறியின் தாளம்.

‘நின்னுக்கோரி’யில் நேற்றுத்தான் அசந்துபோனேன். ராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தில் தொடங்கி, சித்ரா குரலுக்கு அடியில் பேஸ் கிட்டாரை அப்படி ஓடவிட்டிருக்கிறார் இளையராஜா! இத்தனை வருஷமும் அதைத் தறி விழுங்கியிருக்கிறது. கேசட் இன்னும் அப்பா அலமாரியில்தான் இருக்கிறது. உறையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, துடைக்க மனசு வரவில்லை.